பின்வரிசைப் பதினேழு

போடி ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் ஜாக்குலினின் கம்ப்யூட்டர் கடைக்குள் புஷ்பலதா நுழைந்தபோது மணி பன்னிரண்டே கால். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே வந்து மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை அடித்து வைத்தாள்.

“அக்கா, இதுல நான் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். போட மாட்டேன். கையை ஒடிச்சாலும் போட மாட்டேன்!”

மூலையில் உட்கார்ந்து பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்த தவசிக்குப் புரையேறிவிட்டது. தவசி ஜீப்பு ஓட்டுகிறவன். விடிகாலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறுவான். இறக்கிவிட்டுத் திரும்பினால் மூன்று மணிவரை சும்மாதான். அந்தச் சும்மா நேரத்துக்கு ஜாக்குலின் கடையே கதி. போன வருஷம் ஒரு கடையில் காணாமல்போன லேப்டாப்பை ஜாக்குலின் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துக் கொடுத்தபோது, ஓடி ஓடி விசாரித்தது இவன்தான். அன்றிலிருந்து பாதித் துப்பு தன்னுடையது என்பது அவன் எண்ணம். ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, அவனே சொல்லிக்கொள்வான்.

ஜாக்குலின் தாளை எடுத்து நிதானமாகப் படித்தாள். நாற்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி. மதுரையில் பெரிய பெரிய ஆபீசுகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவள். அவளுக்கு அவசரம் என்பதே தெரியாது. தீப்பிடித்தாலும் வாளியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பாள்.

“ ‘பின்வரிசைக் கம்ப்யூட்டர்களை நான்தான் வேண்டுமென்றே நிறுத்தினேன். பெரிய வியாபாரிகளின் பேச்சைக் கேட்டு இப்படிச் செய்தேன்’. நல்லாத்தான் டைப் அடிச்சிருக்காங்க” என்றாள். “உட்காரு. முதல்ல இருந்து சொல்லு.”

புஷ்பலதா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

மலையருவி ஏலக்காய் ஏல நிலையத்தில் அவள் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய், மூட்டை மூட்டையாக லாட் நம்பர் போட்டு ஏலத்துக்கு வரும். வியாபாரிகள் வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மாதிரித் தட்டைக் கிளறிப் பார்த்து, பட்டனைத் தட்டி விலை கேட்பார்கள். முன்னிரண்டு வரிசை பழைய பெரிய கைகள். பின்னிரண்டு வரிசையில் பெரும்பாலும் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள், சின்னக் கடைக்காரர்கள். அவர்கள் போட்டிக்கு இருந்தால்தான் விலை ஏறும்; விலை ஏறினால்தான் மலையில் பத்துச் சென்ட், ஒரு ஏக்கர் வைத்திருப்பவனுக்குக் கஞ்சி.

ஆயுத பூஜை, விஜயதசமி என்று இரண்டு நாள் விடுமுறை கழிந்து, இன்று காலை பத்து மணிக்கு ஏலம். மணி அடித்தது. பின்வரிசைத் திரைகள் சுற்றிக்கொண்டே இருந்தன, உள்ளே போகவில்லை. புஷ்பலதா என்ன ஏதென்று பார்க்க ஓடினாள். அதற்குள் பெரும்பாலும் முன்வரிசைக்காரர்களே பதினொரு லாட்டை அடிமாட்டு விலைக்கு முடித்துவிட்டார்கள். பின்வரிசை நாற்காலியைத் தூக்கிப் போட்டது. சரக்குக் கொண்டுவந்திருந்த மலைக்காரர்கள் ‘ஏமாத்து, ஏமாத்து’ என்று கத்தினார்கள். முதலாளி பெத்துராஜ் மைக்கைப் பிடித்தார்.

“ ‘எங்க ஆபீஸ் பொண்ணு புஷ்பலதாவோட வேலை இது, கையும் களவுமாப் பிடிச்சாச்சு’ன்னு மைக்குல சொன்னாரு அக்கா. மைக்குல! முந்நூறு பேருக்கு நடுவுல! எங்க அம்மாவைத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க அந்தக் கூட்டத்துல.” அவள் கண் கலங்கவில்லை. கோபம் கண்ணீரை விடவில்லை. “அஞ்சு மணிக்கு ஏலம் திரும்ப ஆரம்பிக்குது. அதுக்குள்ள எழுதிக் குடுத்தா வேலையை மட்டும் விட்டுட்டுப் போயிரலாமாம். இல்லேன்னா போலீசாம்.”

“பழி ஓரிடம் பாவம் ஓரிடம்கிறது இதுதான்!” என்று தவசி துள்ளி எழுந்தான். “அக்கா, சாயங்கால ட்ரிப்பை ஜக்கையன்கிட்டத் தள்ளிவிட்டுர்றேன். வாங்க போவோம், வெரசா!”

“நீ அந்தப் பாலைக் குடிச்சு முடி” என்றாள் ஜாக்குலின்.

பெத்துராஜ் அவர்களை வாசலிலேயே மறித்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, விரலுக்கொரு கல் மோதிரம். தேனியிலிருந்து வரவேண்டிய மெக்கானிக் இன்னும் வராத எரிச்சல் முகத்தில் இருந்தது.

“ஏம்மா, இது எங்க வீட்டுச் சோலி. உனக்கென்ன?”

“உங்க மெக்கானிக் வர்றதுக்குள்ள பின்வரிசையை நான் ஓட வச்சுத் தர்றேன். ஒரு மணி நேரம் சுத்திப் பார்க்க விடுங்க. ஓடலேன்னா போயிர்றேன்.”

ஐந்து மணி நெருங்குகிற கவலை பெத்துராஜுக்கும் இருந்தது. மேனேஜர் பாண்டியைக் கூப்பிட்டு, “கூடவே இரு. எதையும் கழட்ட விடாதே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். புஷ்பலதாவை மட்டும் உள்ளே விடவில்லை. அவள் வாசல் வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றுகொண்டாள், போகிற வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்பதுபோல.

ஏலக் கூடத்தில் காலை வைத்தால் நெறுநெறு என்றது. வியாபாரிகள் மாதிரி பார்த்துவிட்டு வீசிய பச்சை ஏலக்காய் தரையெல்லாம். நாலு வரிசை மேசை, நடுவில் மேடை, மேடையில் மைக்கு. எல்லாக் கம்ப்யூட்டர் நெற்றியிலும் ஆயுத பூஜைச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“மூணாவது, நாலாவது வரிசைதான் பின்வரிசை” என்றார் பாண்டி. ஒல்லியான மனிதர், பேசும்போது கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “முன்னாடி ரெண்டு வரிசை வயரும் ஒரு பெட்டிக்குப் போகுது. பின்னாடி ரெண்டு வரிசை வயரும் இன்னொரு பெட்டிக்கு. ரெண்டும் அந்தா அந்த ரூம்ல. அந்தப் புள்ள பின்வரிசைப் பெட்டியோட வயரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னதை என் கண்ணால பார்த்தேன். அதைப் பிடுங்கினா பின்வரிசை மொத்தமும் போயிரும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

ஜாக்குலின் முதல் வரிசையிலிருந்து நடந்தாள். ஒவ்வொரு மேசையிலும் பெயின்டில் நாற்காலி நம்பர். ஆறு, ஏழு, ஒன்பது, பத்து என்று போயிற்று.

“எட்டைக் காணோமே?” என்றான் தவசி.

“முதலாளிக்கு எட்டு ஆகாது” என்றார் பாண்டி. “கூட்டினா எட்டு வர்ற நம்பரும் ஆகாது. பதினேழு கிடையாது, இருபத்தாறு கிடையாது. அவர் காரு, போனு எல்லாமே கூட்டுனா ஒன்பது.”

“நம்ம ஊருல பாதிப் பேருக்கு எட்டு ஆகாதுதான்” என்று தவசி தலையாட்டினான். அவனுடைய ஜீப்பு நம்பரும் கூட்டினால் எட்டு. அதனால்தான் அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்பது அவன் மனைவியின் கட்சி.

ஜாக்குலின் ஒரு திரையின் ஓரத்தில் குனிந்தாள். அங்கே ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் இரண்டு வரி எண்கள். மேல்வரி மேசைக்கு மேசை மாறியது. கீழ்வரி எல்லாவற்றிலும் ஒன்றே: 255.255.255.0. பெரிய பூஜை ஆயிற்றே, சந்தனத்தைத் தாராளமாக அப்பியிருந்தார்கள். பொட்டில் பாதி ஸ்டிக்கரின்மேலும் பாதி பிளாஸ்டிக்கின்மேலும் காய்ந்து ஒரே வட்டமாக ஒட்டியிருந்தது. அவள் அதை நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.

“பூஜை எப்ப போட்டீங்க?”

“முந்தாநாள் சாயங்காலம், ஆறு மணிக்கு. பூஜைக்குக்கூட அந்தப் புள்ள இருக்கலை. அதுக்கு முதநாளே லீவு போட்டுட்டுப் பொட்டிபுரம் போயிருச்சு. இன்னைக்குக் காலையில பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப வந்து இறங்குது. இதுதான் வேலை செய்ற லட்சணம்!”

“சரி. மெயின் கம்ப்யூட்டர் எங்க?”

அது மேடைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தது. சந்தனப் பொட்டு கண்ணாடிக்கு வெளியே இருந்தது. சாவி புஷ்பலதாவிடம் இருப்பதாகப் பாண்டி சொன்னார். ஜாக்குலின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள். உள்ளேயும் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. மஞ்சளடித்துப்போன பழைய ஸ்டிக்கர். தவசியும் எட்டிப் பார்த்தான். கீழ்வரியில் 255.255.254.0 என்றிருந்தது.

“இதுல ஏதோ ஒரு நம்பர் வேற மாதிரி இருக்கேக்கா” என்றான்.

“பார்த்துட்டியா? நல்லது. மறந்துராதே. இப்ப ஒரு சோலி பண்ணு. காலையில எந்தெந்த நாற்காலி நின்னுச்சு, எது நிக்கலைன்னு ஒவ்வொரு ஆளாக் கேட்டுட்டு வா. ‘பின்வரிசை’ன்னு யாராவது சொன்னா விடாதே, நம்பர் கேளு.”

தவசிக்கு இது போதாதா! ஒரு மணி நேரத்தில் டீக்கடை, லாட்ஜு, பஸ்சு ஸ்டாண்டு என்று எல்லாம் சுற்றி, வியர்த்து விறுவிறுத்து வந்தான். முகத்தில் வெற்றிக் களை.

“அக்கா, ஆளைப் பிடிச்சுட்டேன்! பால்சாமி! அவன்தான் காசு குடுத்து நிறுத்தியிருக்கான். எப்படிங்கிறீங்களா? பின்வரிசை எல்லாம் செத்துக் கிடக்கறப்ப, இந்த ஆளு மட்டும் மூணு லாட்டு எடுத்திருக்கான். அவன் நாற்காலி இருபத்தி நாலு. மூணாவது வரிசை. ஃபேனுக்கு நேரா இருக்குன்னு அங்கதான் உட்காருவானாம்.”

“பக்கத்து நாற்காலிக்காரங்க?”

தவசி கையில் எழுதியிருந்ததைப் பார்த்தான். “இருபத்திரெண்டு ஓடியிருக்கு. இருபத்தி மூணு, அஞ்சு, ஏழு... அட, இதெல்லாமும் ஓடியிருக்கே. அவங்க கூச்சல்ல பயந்து பட்டனைத் தொடலையாம். இருபத்தெட்டுல இருந்துதான் நின்னிருக்கு. கடைசி நாற்பத்தாறு வரைக்கும். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பதினேழு மிஷினு.”

“மூணாவது வரிசை எந்த நம்பர்ல ஆரம்பிக்குது?”

“இருபத்திரெண்டுல.” சொல்லிவிட்டுத் தவசி அப்படியே நின்றான். ஏதோ ஒன்று தலைக்குள் தட்டுப்பட்டது, பிடிபடவில்லை. “அப்ப... மூணாவது வரிசையில அஞ்சு மிஷினு ஓடியிருக்கு. எல்லாம் ஒரே பெட்டிதானே?”

“ஒரே பெட்டிதான்.”

“அட ஆத்தாடி!”

ஜாக்குலின் முதல்முறையாகச் சிரித்தாள். வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் புஷ்பலதாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “இருபத்தெட்டுக்கு மேல உள்ள நாற்காலி எல்லாம் எப்ப போட்டது?” போன வருஷம் என்றாள் புஷ்பலதா, அவள் மேலும் சொன்ன நாலு வாக்கியத்தையும் ஜாக்குலின் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு காலிக் காகித டீ டம்ளரைக் கிழித்து அதன் பின்பக்கம் ஏதோ கூட்டிப் பார்த்தாள். இரண்டு கூட்டல்தான். பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

“தவசி, நாலரை மணிக்கு முதலாளி ரூம்ல எல்லாரும் இருக்கணும். உன் பால்சாமியையும் கூட்டிக்கிட்டு வா. திட்டாமக் கூட்டிக்கிட்டு வா.”

நாலரை மணிக்குப் பெத்துராஜின் அறையில் ஏ.சி. ஓடியும் எல்லாருக்கும் வியர்த்தது. பெத்துராஜ் மேசைக்குப் பின்னால். பாண்டி சுவரோரம். தொந்தியும் துண்டுமாகப் பால்சாமி நாற்காலி நிறைய. புஷ்பலதா கதவருகே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தவசி கதவை மறித்து நின்றுகொண்டான். யாரும் ஓடப்போவதில்லை, ஆனாலும் ஒரு முறை இருக்கிறதல்லவா.

“மிஷின் ஓடுதா இல்லையா? அதைச் சொல்லு” என்றார் பெத்துராஜ்.

“ஓடும். அதுக்கு முன்னாடி, இந்தப் புள்ள செய்யலைங்கிறதைச் சொல்லிர்றேன்” என்றாள் ஜாக்குலின். “பாண்டிண்ணே, பின்வரிசைப் பெட்டியைப் பிடுங்கினா எந்த நாற்காலி வரைக்கும் போகும்?”

“பின்வரிசை மொத்தமும்.”

“இருபத்திரெண்டு?”

“அதுவும்தான்.”

“பால்சாமிண்ணே, நீங்க இருபத்தி நாலுல உட்கார்ந்து மூணு லாட்டு எடுத்தீங்களா?”

“எடுத்தேன்” என்றார் பால்சாமி. “எடுத்தது குத்தமா? இந்த ஜீப்புக்காரன் என்னமோ என்னைக் கொலைகாரனாட்டம் பார்க்கறான்.”

“குத்தமில்லை. நீங்க எடுத்ததுனாலதான் உண்மை தெரிஞ்சுச்சு. அந்தப் பெட்டியை யாருமே தொடலை. தொட்டிருந்தா உங்களோடதும் செத்திருக்கும். ஒரு பெட்டியில அஞ்சு ஓடி, பதினேழு நிக்குதுன்னா, வயரு போகலை. மிஷினுக்குள்ள எழுதியிருக்கிற ஏதோ ஒண்ணு தப்பாப் போச்சு. புஷ்பலதா அந்த ரூமுக்குப் போனது நிறுத்த இல்லை. நின்னுபோனதைப் பார்த்துட்டு, வயரு கழண்டுச்சான்னு பார்க்கப் போச்சு. யாரும் அதைத்தானே முதல்ல செய்வாங்க?”

பாண்டி கழுத்தைத் துடைத்தார்.

“ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாச நம்பர் உண்டு” என்று ஜாக்குலின் தொடர்ந்தாள். “அதோட சப்நெட் மாஸ்க்குன்னு இன்னொரு நம்பர் எழுதணும். தவசி, நீ தோட்டத்துக்குப் போறவன். ஒரு தோட்டத்துக்குள்ள ஒரு ஆளைக் கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவாங்க?”

“ஓய்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

“அடுத்த தோட்டத்து ஆளுக்குச் சேதி சொல்லணும்னா?”

“கேட்ல நிக்கிற காவக்காரன்கிட்டச் சொல்லிவிடணும். அவன் சேர்த்துருவான்.”

“அதேதான். நம்ம தோட்டத்தோட எல்லை எதுவரைக்கும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுதான் மாஸ்க்கு. எல்லைக்குள்ளன்னா நேராச் சத்தம் போடும். எல்லைக்கு வெளியன்னா காவக்காரனைத் தேடும். இந்த நிலையத்துல மொதல்ல ஒரு தோட்டம்தான், பத்தாம் நம்பர் தோட்டம்னு வைங்க. அதுல இருநூத்தம்பத்தி நாலு விலாசம்தான் குடுக்க முடியும். கேமரா, தராசு, பிரிண்டர், ஆபீசுல உள்ளவங்க போனு, இருபத்தேழு வரைக்கும் உள்ள நாற்காலின்னு அது நிறைஞ்சுபோச்சு. போன வருஷம் புது நாற்காலி போட்டப்ப இடமில்லை. புஷ்பலதா என்ன செஞ்சது? பக்கத்துல பதினொண்ணாம் நம்பர் தோட்டத்தைச் சேர்த்து, ரெண்டையும் ஒரே வேலிக்குள்ள கொண்டாந்துச்சு. அதுக்குத்தான் மாஸ்க்கை 255.255.254.0ன்னு எழுதுச்சு. கணக்குச் சரி. எந்தப் பெரிய கம்பெனி இன்ஜினியரும் அதைத்தான் எழுதுவான்.”

புஷ்பலதா நிமிர்ந்து பார்த்தாள். அன்று முழுக்க அவளைப் பற்றி யாரும் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

“இப்ப எல்லா மிஷின்லயும் 255.255.255.0ன்னு இருக்கு. அதாவது நடுவுல யாரோ திரும்ப வேலி போட்டுட்டாங்க. மெயின் கம்ப்யூட்டர் இருக்கிறது பத்தாம் தோட்டத்துல. ஒண்ணுல இருந்து இருபத்தேழு வரைக்கும் அதே தோட்டம், அதனால அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. இருபத்தெட்டுல இருந்து பதினொண்ணாம் தோட்டம். அதுக மெயின் கம்ப்யூட்டரை வெளியூர் ஆளுன்னு நினைச்சுக் காவக்காரனைத் தேடுது. காவக்காரனும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கான். சேதி யார்கிட்டக் குடுக்கும்? சுத்திக்கிட்டே கிடக்குது.”

“அடேங்கப்பா!” என்றார் பால்சாமி, தன்னை அறியாமல்.

“அதைத்தான் இவ மாத்தியிருக்கா!” என்று பெத்துராஜ் மேசையைத் தட்டினார். “மாத்தத் தெரிஞ்சவ இவ ஒருத்திதானே?”

“மாத்துன ஆளு பழைய ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டுப் புதுசு ஒட்டியிருக்காரு, முதலாளி. தப்பு செய்றவன் நான் தப்பு செஞ்சேன்னு நாற்பத்தோரு மேசையில எழுதி ஒட்டுவானா? நல்லதுன்னு நினைச்சுத்தான் ஒட்டியிருக்காங்க. அந்த ஸ்டிக்கர் மேல சந்தனப் பொட்டு பாதியும், பிளாஸ்டிக்கு மேல பாதியும் ஒரே வட்டமா இருக்கு. பொட்டு வைக்கறப்ப ஸ்டிக்கர் அங்க இருந்துச்சு. பொட்டு வச்சது முந்தாநாள் சாயங்காலம். அன்னைக்கு இந்தப் புள்ள பொட்டிபுரத்துல. சொன்னது பாண்டிண்ணன்தான். போறதுக்கு முன்னாடியே இவ செஞ்சிருந்தா அலமாரிக்குள்ள இருக்கிற ஸ்டிக்கரும் மாறியிருக்கும். சாவி இவ கையில. சாவி இல்லாத ஆளு செஞ்ச வேலை இது.”

பெத்துராஜ் பாண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் செஞ்சாங்கன்னுதான் எனக்கும் ரொம்ப நேரம் பிடிபடலை” என்று ஜாக்குலின் கிழித்த டம்ளர் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். “அப்புறம் கூட்டிப் பார்த்தேன். 255.255.254.0. ஒவ்வொரு நம்பராக் கூட்டுனா முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும் எட்டு. எல்லா மேசையிலயும் எட்டு! பூஜைக்குத் துடைக்கறப்ப யார் கண்ணுல பட்டுச்சு முதலாளி? 255.255.255.0ன்னா முப்பத்தாறு. கூட்டுனா ஒன்பது.”

பெத்துராஜின் விரல்கள் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தன.

பாண்டிதான் உடைந்தார். “முதலாளி சொன்னார்மா. ஜோசியர் பார்த்துட்டு, இத்தனை எட்டு வச்சுக்கிட்டு எப்படிய்யா தொழில் பண்றேன்னு கேட்டாரு. வெளியில மட்டும் மாத்தினாப் பலிக்காது, உள்ளயும் மாத்தணும்னாரு. புஷ்பலதா எப்பவோ சொல்லிக் குடுத்துச்சு, அதை வச்சு ஒவ்வொண்ணா மாத்தினேன். ஒண்ணாம் நம்பர்ல போட்டுப் பார்த்தேன், ஓடுச்சு. ஓடுதுன்னு விட்டுட்டேன். காலையில கூச்சல் கிளம்பினப்ப இதுவா இருக்குமோன்னு தோணுச்சு. முதலாளி மைக்குல இவ பேரைச் சொன்ன பிறகு, என் வாய் ஒட்டிக்கிச்சு. நாலு வருஷத்துல ரிட்டையர் ஆகணும்மா.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று தவசி நினைத்துக்கொண்டான். சொல்லியும் விட்டான், கொஞ்சம் சத்தமாகவே.

“நின்னுபோன மிஷினு எத்தனைன்னு யாராவது எண்ணினீங்களா?” என்றாள் ஜாக்குலின். “பதினேழு. அதையும் கூட்டிப் பாருங்க முதலாளி.”

பெத்துராஜ் கூட்டினார். கூட்டியது முகத்தில் தெரிந்தது.

கூடத்தில் புஷ்பலதா இருபத்தெட்டாம் நம்பர் முன்னால் நின்றபடியே குனிந்தாள். எல்லாரும் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ஓரிடத்தில் 255 என்பதை 254 ஆக்கினாள், பட்டனைத் தட்டினாள். சுற்றிக்கொண்டிருந்த திரை நின்று, ஏலப் பக்கம் பளிச்சென்று விரிந்தது. பால்சாமி கையைத் தட்டினார். அவள் அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். பதினேழையும் முடிக்கப் பதினைந்து நிமிஷம் ஆகவில்லை.

பெத்துராஜ் தொண்டையைச் செருமினார். “சரிம்மா. ஆனது ஆகிப்போச்சு. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்ருவோம். நாளையில இருந்து வழக்கம்போல வேலைக்கு வா. சம்பளமும் பார்த்துச் செய்றேன். இதை இத்தோட விட்ருவோம்.”

“விட முடியாது முதலாளி” என்றாள் புஷ்பலதா.

“வேற என்ன வேணும் உனக்கு?”

“என் பேரு மைக்குல போச்சு. மைக்குலயே திரும்பி வரணும்.”

“முதலாளியை நிக்க வச்சு அசிங்கப்படுத்தப் பார்க்கறியா? வேலை வேணுமா வேண்டாமா?”

“வேலை போனாப் போகட்டும். மாஸ்க்கு போடத் தெரிஞ்சவளுக்கு ஊருக்கு ஒரு வேலை கிடைக்கும். களவாணின்னு பேரெடுத்தவளுக்குப் பச்சைத் தண்ணி கிடைக்காது. நீங்க சொல்றீங்களா, நான் மேடை ஏறட்டுமா?”

தவசிக்குப் புல்லரித்துவிட்டது. இந்தப் பெண்ணுக்குத் துப்பறிவாளர் எதற்கு, இவளே போதும்போல் இருந்தது.

ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்தது. வியாபாரிகள் நாற்காலிக்கு வந்தார்கள். சரக்குக் கொண்டுவந்த மலைக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள்; காலைக் கோபம் இன்னும் ஆறவில்லை. பெத்துராஜ் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“காலையில ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறு. இப்பச் சரியாயிருச்சு. நம்ம புஷ்பலதா மேல எந்தத் தப்பும் இல்லை. ஏலத்தை ஆரம்பிப்போம்.”

“கோளாறு தானா வந்துச்சா முதலாளி?” கூட்டத்தின் நடுவிலிருந்து வந்தது புஷ்பலதாவின் குரல். அவள் மைக்கில்லாமலே பேசினாள். “காலையில என் பேரைச் சொல்லத் தெரிஞ்சுச்சே. இப்பவும் பேரு சொல்லுங்க.”

பெத்துராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். “அது... மேனேஜர் பாண்டி தெரியாத்தனமா ஒரு நம்பரை மாத்திட்டாரு.”

தலைகள் எல்லாம் பாண்டியின் பக்கம் திரும்பின. பாண்டி சுவரோடு ஒட்டிக்கொண்டார். காலையில் புஷ்பலதா நின்ற அதே நிலை. அவருக்காக வாயைத் திறக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. கண்ணால் பார்த்தேன் என்று அவளைக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். தவசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாத்துன கை பாண்டிண்ணனோடது” என்றாள் புஷ்பலதா. “மாத்தச் சொன்ன வாயி யாரோடது? அதைச் சொல்லாம மெயின் கம்ப்யூட்டர் அலமாரியை நான் திறக்க மாட்டேன். சாவி என்கிட்ட இருக்கு. இன்னொரு சம்பளக்காரன் தலையில கட்டுறதுக்கா நான் இவ்வளவு நேரம் நின்னேன்?”

பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். இன்னொருவர் தட்டினார். பிறகு வரிசை முழுக்கத் தட்டியது. பெத்துராஜின் நெற்றியில் வியர்வை வழிந்து விபூதியைக் கரைத்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார்.

“நான்தான் மாத்தச் சொன்னேன்.”

“பின்வரிசைக்குக் கேக்கலை!” என்றது சுவரோரமிருந்து ஒரு மலைக்காரரின் குரல்.

“நான்தான் மாத்தச் சொன்னேன்” என்றார் பெத்துராஜ், இந்தத் தடவை ஒலிபெருக்கி அதிர. “தப்பு என்னோடது. அந்தப் புள்ள மேல பழி போட்டதும் தப்பு. காலையில முடிஞ்ச பதினொரு லாட்டும் செல்லாது.”

மலைக்காரர்கள் பக்கம் ஒரே ஆரவாரம். பாண்டி முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். தவசி விசிலடித்தான், ஜாக்குலின் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

புஷ்பலதா மேடைக்குப் பின்னால் போனாள். அலமாரியைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, காலையிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தாள்.

“முதல் லாட்டுல இருந்து போடுங்க” என்றாள்.